கஞ்சா, தூள், ஐஸ் வழக்குகள்: மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) முனையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றால் வீட்டில் உள்ளவர்கள் முதலில் தேடுவது தோட்டத் தலைவரை, அடுத்தது காசை. இரண்டும் தேவைதான். ஆனால் போதைப்பொருள் வழக்கின் போக்கைப் பிடிப்பது முதல் நாளில் எழுதப்படும் மூன்று விஷயங்கள்: எங்கே, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்ற பொலிஸ் குறிப்பு; எடுத்த பொருளின் நிறை; பிடிபட்டவர் கையெழுத்திட்ட வாக்குமூலம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் வந்து முடிகின்றன.

எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள்?

1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பழைய சட்டம்தான். 1984இல் செய்த திருத்தம் தூள் எனப்படும் ஹெரொயினுக்கு மரண தண்டனையைக் கொண்டுவந்தது. 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனையும் அதே வரிசையில் சேர்த்தது.

கசிப்பும் பாபுலும் இதில் சேருமா?

சேராது. கசிப்பு என்ற கள்ளச் சாராயம், அதற்கு ஊறவைக்கும் கோடா எல்லாம் மதுவரிக் கட்டளைச் சட்டம். பாபுல், மாவா போன்ற மெல்லும் புகையிலைக் கலவைகளுக்குப் புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தடை இருக்கிறது. ஆனால் மாவா என்று விற்கும் பொட்டலத்துக்குள் கஞ்சா கலந்திருந்தால் கதை வேறு. அது போதைப்பொருள் வழக்காகிவிடும். வாங்கியவருக்கு அது தெரியுமா தெரியாதா என்பது பிறகு வாதாட வேண்டிய விஷயம்.

எவ்வளவு இருந்தால் எந்த நீதிமன்றம்?

சுத்தமான ஹெரொயின் அல்லது கொக்கெய்ன் 2 கிராம், மோர்பின் 3 கிராம், அபின் 500 கிராம், ஐஸ் 5 கிராம். இந்த அளவையோ அதற்கு மேலோ வைத்திருந்தாலே சட்டத்தில் எழுதியிருக்கும் தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை. விற்றதாக நிரூபிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். குற்றப்பத்திரத்தைச் சட்டமா அதிபர் அனுப்புவார். இலங்கையில் 1976க்குப் பிறகு தூக்கு நிறைவேற்றப்படவில்லை என்பது உண்மை. அதை நம்பி வழக்கை அலட்சியம் செய்யக் கூடாது. தூக்கு நிறைவேறாவிட்டால் ஆள் சிறையில்தான் இருக்கிறார்.

சில மில்லிகிராம் தூள், ஒன்றிரண்டு கஞ்சாச் சுருட்டு என்ற அளவு வழக்குகள் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, நாவலப்பிட்டி போன்ற நீதவான் நீதிமன்றங்களிலேயே பெரும்பாலும் முடிகின்றன. கஞ்சா கிலோக் கணக்கில் போனால், குறிப்பாக 5 கிலோவைத் தொட்டால், அதைச் சிறிய வழக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பொலிஸ் 6 கிராம் தூள் என்கிறார்கள். அப்படியானால் ஆயுள் சிறையா?

அவசரப்பட வேண்டாம். பொலிஸ் தராசில் வருவது பொட்டலத்தில் இருந்த தூளின் மொத்த நிறை. கட்டளைச் சட்டம் பார்ப்பது அதற்குள் இருக்கும் சுத்தமான ஹெரொயினை. தெருவில் விற்கும் தூளில் மற்றவைதான் கூடுதலாகக் கலந்திருக்கும். அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கை வந்த பிறகுதான் உண்மையான எண் தெரியும். 6 கிராம் தூளில் சுத்தமானது 2 கிராமுக்குக் கீழே வந்தால் தண்டனை வகையே மாறிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த அறிக்கை மாதக் கணக்கில் தாமதமாகலாம். அதுவரை ஆள் விளக்கமறியலில். ஆகவே ஒவ்வொரு தவணையிலும் அறிக்கை வந்ததா என்று சட்டத்தரணி கேட்டுப் பதிவில் ஏற்ற வேண்டும். கேட்காத அறிக்கை தானாக வேகமாக வராது.

கஞ்சாவில் பார்க்க வேண்டியது வேறு. ஈரச் செடியா, காய்ந்ததா, பை, சாக்குடன் சேர்த்து நிறுத்தார்களா என்று பார்க்க வேண்டும். எல்லைக்குக் கிட்ட இருக்கும் நிறை என்றால் சாக்கின் கனம்கூட வழக்கை மாற்றும்.

தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே தேடுவது? எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம்?

முதலில் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையம். பிடித்தது விசேட அதிரடிப்படை அல்லது மதுவரி அதிகாரிகள் என்றால் எந்த நிலையத்தில் ஒப்படைத்தார்கள் என்று கேளுங்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் வீதிச் சோதனையில் பிடிபடுபவர்கள் பெரும்பாலும் ஹட்டன் நீதவான் முன்தான் கொண்டுவரப்படுகிறார்கள். ஊர் எதுவானாலும் பிடித்த இடத்துக்குரிய நீதிமன்றத்தைத்தான் தேட வேண்டும்; மாத்தளையிலிருந்து மலைக்குப் போன பிள்ளையை மாத்தளை நீதிமன்றத்தில் தேடி ஒரு நாளை வீணாக்கிய குடும்பங்கள் உண்டு.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சனி, ஞாயிறு, போயா என்பது இதற்குத் தடையில்லை. நீதவானின் வீட்டிலோ பதில் நீதவான் முன்னோ நிறுத்துவார்கள். போதைப்பொருள் சட்டத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: விசாரணைக்காக 7 நாள் வரை பொலிஸ் காவலில் வைக்க நீதவானிடம் உத்தரவு வாங்கலாம். நீதவான் உத்தரவு இல்லாமல் ஏழு நாள் என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல.

வீட்டில் இருப்பவர் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டியவை: ஆளைக் கூட்டிப்போன நேரம், இடம், அங்கே யார் நின்றார்கள், ஜீப் இலக்கம், பெயர்ப் பட்டியில் தெரிந்த பெயர், நிலையத்தில் சொன்ன பதில். அன்றே எழுதுங்கள். மூன்று வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது காலை பத்தா, கொழுந்து நிறுத்த பிறகா என்று யாருக்கும் நினைவிருக்காது.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதினார்கள் என்றே தெரியாது. இப்போது என்ன செய்வது?

மலையகத்தில் இதைவிடக் கூடுதலாக வரும் கேள்வி இல்லை.

முதலில் ஆறுதலான பகுதி. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராகச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடமாவது ஒப்புக்கொண்டாலும், நீதவான் நேரில் இருந்தாலன்றி, 26ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே "எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான், இனி முடிந்தது" என்று யாரும் கைவிட வேண்டியதில்லை.

அடுத்தது ஆபத்தான பகுதி. 27ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. "பொட்டலத்தைக் கழிவறைக்குப் பின்னால் கல்லுக்குக் கீழே வைத்தேன்" என்று சொல்லி, அதைக் காட்டிக் கொடுத்து, பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட வார்த்தைகள் மட்டும் சாட்சியமாகும். எழுதியவர் அந்த வாக்கியத்தை எப்படி எழுதினார் என்பதில்தான் வழக்கு நிற்கும். வாசித்துப் பார்க்க முடியாத மொழியில் அந்த வாக்கியம் இருந்தால் மறுக்கவும் தெரியாது.

வாக்குமூலத்தை எழுதிய பிறகு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டிய பின்புதான் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ் பேசும் அதிகாரி இல்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தினால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் "வாசித்துக் காட்டவில்லை, விளங்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுவது ஒரு வழி. அந்த எழுத்து பிறகு அழியாது. தன்னைக் குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் கொடுங்கள். மீதிக்கு "சட்டத்தரணியோடு பேசிய பிறகு சொல்கிறேன்" என்பது முரட்டுத்தனம் அல்ல. பொலிஸ் நிலையத்துக்குச் சட்டத்தரணி வந்து ஆஜராக 2012இல் வர்த்தமானியில் வந்த விதிகள் இடம் தருகின்றன.

நீதிமன்றத்தில் விஷயம் இன்னும் தெளிவு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பு வசதி செய்ய வேண்டும் என்கிறது. நுவரெலியா, பதுளைப் பக்க நீதிமன்றங்களில் சிங்களத்தில் குற்றச்சாட்டு வாசிக்கும்போது முதலியார் எனப்படும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். விளங்காவிட்டால் தலையாட்டாமல் "விளங்கவில்லை ஐயா, திரும்பச் சொல்லுங்கள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் விளங்கியது என்றுதான் பதிவாகும்.

பொலிசில் அடித்தார்கள். யாரிடம் சொல்வது?

நீதவான் முன் நிறுத்தும் அன்றே, நீதவானிடமே. உடனே சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட உத்தரவு கேளுங்கள். காயம் ஆறிய பிறகு எழுதும் கடிதத்தைவிட முதல் நாள் மருத்துவ அறிக்கைக்குப் பலம் கூட.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் கணக்கிடப்படாது. கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டின் பிரதியும் பதிவு இலக்கமும் வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

லயத்து அறையைச் சோதனை போட விடலாமா?

சோதனைப் பிடியாணை இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் பார்க்கக் கேளுங்கள். இல்லை என்று சொல்லி உள்ளே வந்தாலும் கதவில் குறுக்கே நிற்காதீர்கள். கடமைக்கு இடையூறு என்று இன்னொரு வழக்குச் சேரும். சோதனை சட்டப்படி நடந்ததா என்று நீதிமன்றத்தில் கேட்கலாம், வாசலில் அல்ல.

பெண்களைப் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும், மரியாதையோடு. எடுத்த பொருள் எதுவாயினும் எங்கிருந்து எடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். "கூரையிலிருந்து" என்பதும் "தலையணைக்குக் கீழிருந்து" என்பதும் ஒன்றல்ல. ஏன் என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறோம். பொட்டலம் கிடைத்தால் யார் மேல் வழக்கு?

உடைமை என்றால் பொருள் பக்கத்தில் கிடந்தது என்று அர்த்தமல்ல. இரண்டு விஷயத்தை அரச தரப்பு காட்ட வேண்டும்: பொருள் அந்த ஆளின் கட்டுப்பாட்டில், அவருக்கு மட்டும் உரியதாக இருந்தது, அது என்னவென்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் கிடைத்தால் இது சுலபம். லயத்தில் சுலபமல்ல. பத்தடி பன்னிரண்டடி அறையில் தாத்தா, பாட்டி, அண்ணன் குடும்பம், கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்த சித்தப்பா மகன் எல்லோரும் படுக்கிறார்கள். கூரைத் தகரம் பக்கத்து வீட்டோடு ஒன்று. இஸ்தோப்பு என்ற முன் திண்ணை எல்லோருக்கும் பொது. அங்கே செருகி வைத்த பொட்டலம் இன்னாருடையது என்று நிரூபிக்கச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட சாட்சியம் வேண்டும்.

பாதுகாப்புக்கு உதவுவது வீட்டின் வரைபடம். எத்தனை பேர் படுக்கிறார்கள், கதவுக்குப் பூட்டு உண்டா, அலமாரி யாருடையது, சாவி யாரிடம், பொருள் கிடைத்த இடத்துக்கு வேறு யார் கை எட்டும். சட்டத்தரணி லயத்தைப் பார்த்திருக்க மாட்டார். கொழும்பிலிருந்து வருபவர் லயம் என்றாலே தனி வீடு என்று நினைக்கவும் கூடும். கைபேசியில் நாலு படம் எடுத்துக் கொடுங்கள்.

பல குடும்பங்கள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. வீட்டில் பொருள் கிடைத்ததும், குடும்பத்தைக் காப்பாற்ற, வயதான ஒருவரோ சம்பாதிக்காத பிள்ளையோ "என்னுடையதுதான்" என்று தலையைக் கொடுப்பது. 2 கிராமுக்கு மேல் என்று அறிக்கை வந்தால் அந்தத் தலை திரும்பாது.

"ஒத்துக்கொள், தண்டம் கட்டிவிட்டு இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். போகலாமா?

இந்த ஒரு வசனத்தை நம்பியவர்கள்தான் பிறகு கூடுதலாக வருந்துகிறார்கள்.

காரணம் விளங்குகிறது. தவணைக்கு வந்தால் அன்றைய பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் போய்விடும். ஹட்டனுக்கோ வெலிமடைக்கோ பஸ் செலவு. மூன்று நான்கு தவணை என்றால் கைக்காசு கரைந்துவிடும். ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிகிறது. ஆனால் முடிவது அந்த நாள்தான். போதைப்பொருள் வழக்கில் குற்றவாளி என்ற பதிவு நிற்கிறது. வெளிநாடு போகப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போது, அரச வேலைக்கு மனுப் போடும்போது, அடுத்த தடவை வேறு எதற்காவது பிடிபடும்போது அது எழுந்து நிற்கும். டுபாய், கட்டார் என்று புறப்படும் பிள்ளைகளுக்கு இதன் விலை தண்டப்பணத்தைவிடப் பல மடங்கு.

இன்னொன்று: ஒத்துக்கொண்ட பிறகு நிறை, முத்திரை, சோதனை என்று எதையும் கேள்வி கேட்க இடம் இருக்காது. பகுப்பாய்வு அறிக்கையே வராத வழக்கில், பொட்டலத்தில் இருந்தது ஹெரொயின்தானா என்று யாருக்கும் தெரியாமலே ஒருவர் குற்றவாளியாகிவிடலாம். மாத்திரைத் தூளையும் மாவையும் தூள் என்று வாங்குபவர்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்காக எப்போதும் போராடு என்று சொல்லவில்லை. பொருள் பையிலிருந்துதான் எடுத்தார்கள், சாட்சி தெளிவு, அளவும் மிகச் சிறிது என்றால் ஒப்புக்கொள்வதே சரியான முடிவாக இருக்கலாம். நேரத்தோடு ஒப்புக்கொண்டதைத் தண்டனை விதிக்கும்போது நீதிமன்றம் கவனிக்கும். ஆனால் அதற்கு முன் சட்டத்தரணி ஒன்றைக் கேட்கலாம்: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, முதல் தடவை, சிறிய குற்றம் என்றால் குற்றவாளித் தீர்ப்பைப் பதியாமல் நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அது நீதவானின் விருப்பம், உரிமையல்ல. கேட்காமல் கிடைப்பதும் அரிது. வயது, படிப்பு, வேலை, சிகிச்சைக்குப் போகச் சம்மதம் ஆகியவற்றுக்குக் கடிதம் இருந்தால் கேட்பதற்குப் பலம் வரும். இந்த முடிவை நீதிமன்ற வராந்தாவில், யாரோ ஒருவர் சொல்லி, இரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டாம். தவணை கேட்டு ஒரு வாரம் யோசியுங்கள்.

பிணை எப்போது கிடைக்கும்?

முதலில் பொலிஸ் நீதிமன்றத்தில் போட்ட பீ அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

போதைப்பொருள் கட்டளைச் சட்டத்தின் 54அ, 54ஆ பிரிவுகள் என்றால் 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் தாராளம் இங்கே வேலை செய்யாது. அதே கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்றம்தான், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மட்டும், பிணை தரலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, சுத்தமான அளவு 10 கிராமோ அதற்கு மேலோ, தண்டனை மரணம் அல்லது ஆயுள் என்றால், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். நீதவானிடம் கெஞ்சிப் பயனில்லை. அவருக்கு அதிகாரமே இல்லை. இது தெரியாமல் ஒவ்வொரு தவணையிலும் பிணை கேட்பார்கள் என்று காத்திருக்கும் குடும்பங்களுக்குக் காலம்தான் போகிறது.

விதிவிலக்கான சூழ்நிலை என்றால் என்ன? சட்டம் வரையறுக்கவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள், வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான் என்பது மட்டும் வழமையாகப் போதாது, ஏனென்றால் எல்லாச் சந்தேகநபர்களுக்கும் அது உண்டு. பகுப்பாய்வு அறிக்கையோ குற்றப்பத்திரமோ நியாயமின்றித் தாமதமாவது, சிறையில் கவனிக்க முடியாத கடும் நோய், வழக்கிலேயே வெளிப்படையான பலவீனம் போன்றவற்றைக் காகிதத்தோடு காட்ட வேண்டும்.

காலத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 84ஆம் பிரிவு: 12 மாதத்துக்கு மேல் விளக்கமறியல் கூடாது. 85ஆம் பிரிவு: சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் ஒரு தடவைக்கு 3 மாதம் வீதம், மொத்தம் இன்னும் 12 மாதம் நீடிக்கலாம். பன்னிரண்டாவது மாதம் எப்போது முடிகிறது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நீடிப்பு உத்தரவு எடுத்தார்களா என்று அந்த வாரமே கேட்க வேண்டும்.

சிறு அளவு கஞ்சா போன்ற வழக்குகளில் நீதவானே பிணை தரலாம், பெரும்பாலும் தருகிறார்.

பிணை கிடைத்தது, ஆனால் ஆளை எடுக்க முடியவில்லை. ஏன்?

பிணையாளர் காகிதம் சரியில்லாததால். சரீரப் பிணைக்கு (ஆளுக்காக இன்னொருவர் பொறுப்பேற்பது) வருபவரின் தேசிய அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ் இரண்டும் வேண்டும். சில நீதிமன்றங்கள் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வருமானத்துக்குச் சான்றும் கேட்கும். தோட்டத்தில் காணி உறுதி இருக்காது. சம்பளத் துண்டும் தோட்ட நிர்வாகத்தின் சேவைக் கடிதமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

தோட்டத்துக்கே உரிய தொல்லை பெயர். அடையாள அட்டையில் "முத்துசாமி", தோட்டப் பெயர்ப் பதிவான செக்ரோலில் "முத்துச்சாமி", கிராம சேவகர் கடிதத்தில் அப்பா பெயர் முன்னால். பதிவாளர் திருப்பி அனுப்ப இது போதும். பிணை மனு போகும் முன்பே இரண்டு பிணையாளரைத் தேடி, மூன்று காகிதத்திலும் ஒரே எழுத்தா என்று பார்த்து வையுங்கள். வெள்ளி மதியத்துக்குப் பிறகு கிடைத்த பிணைக்கு அன்றே ஆளை வெளியே எடுப்பது கஷ்டம்.

பிணை நிற்பவர் தெரிந்து நிற்க வேண்டும்: ஆள் தலைமறைவானால் பிணை முறியில் எழுதிய தொகை பிணையாளர் தலையில்.

சட்டத்தரணிக்குக் காசில்லை.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதிமன்றங்களுக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கின்றன. அடையாள அட்டை, சம்பளத் துண்டு, வழக்கு இலக்கம் கொண்டு போங்கள். மேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி இல்லை என்றால் அரச செலவில் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம், நியமிப்பார்கள். காசு கொடுத்து ஒருவரை வைத்தால் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வழக்கை முடித்துத் தருகிறேன் என்று நீதிமன்ற வாசலில் காசு கேட்பவர் சட்டத்தரணியா என்று முதலில் பாருங்கள்.

பாதுகாப்பில் சட்டத்தரணி எதைத் தேடுவார்?

முதலில் பொருளின் பயணம். பிடித்த அதிகாரி எங்கே நிறுத்தார், எந்தத் தராசில், யார் முன்னால் முத்திரை வைத்தார், நிலையத்தில் சான்றுப்பொருள் பதிவில் எந்த இலக்கம், யாரிடம் சாவி, எந்தத் திகதியில் பகுப்பாய்வாளரிடம் போனது, அங்கே முத்திரை உடையாமல் இருந்ததா. பெரேரா எதிர் சட்டமா அதிபர் என்ற 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பொருள் பகுப்பாய்வாளரைச் சென்றடையும் அந்த உள்நோக்கிய பயணம்தான் மிக முக்கியம், இடையில் கைவைக்க வாய்ப்பு இருந்தது என்ற சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது என்று சொல்கிறது. பொலிஸ் நிலையத்தில் நிறுத்தது 4.2 கிராம், பகுப்பாய்வாளர் பெற்றது 3.6 கிராம் என்றால் கேள்வி பிறக்கிறது. தராசு வேறு என்பது பதிலாகலாம், ஆகாமலும் போகலாம்.

அடுத்தது நேரம். சோதனைக்குப் புறப்பட்ட நேரம், பிடித்த நேரம், நிலையத்துக்குத் திரும்பிய நேரம் எல்லாம் தகவல் புத்தகத்திலும் அதிகாரிகளின் குறிப்புப் புத்தகத்திலும் இருக்கும். மஸ்கெலியாவில் பிடித்து இருபது நிமிடத்தில் ஹட்டனில் பதிந்ததாக எழுதியிருந்தால் வீதி தெரிந்தவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நீதிமன்றத்தில் கேள்வியாக மாற்றுவதுதான் குறுக்கு விசாரணை. இங்கேதான் வீட்டில் எழுதிய கொப்பி பயன்படும்.

சிறு முரண்பாடு எல்லாம் விடுதலை தராது. இரண்டு அதிகாரிகள் ஜீப்பின் நிறத்தை வேறுவேறாகச் சொன்னால் நீதிபதி அதைப் பெரிதாக எடுக்கமாட்டார். பொருளை எடுத்தது யார் என்பதில் முரண்பட்டால் எடுப்பார்.

முச்சக்கரவண்டியையும் எடுத்துப் போய்விட்டார்கள். லீசிங் வண்டி.

குற்றம் நிரூபிக்கப்பட்டால் கடத்தப் பயன்பட்ட வாகனமும் பறிமுதலாகக்கூடும். வண்டி வேறொருவருடையது என்றால், சொந்தக்காரர் தனக்குத் தெரியாமல் நடந்தது என்றும் தடுக்கத் தன்னால் ஆனதைச் செய்தேன் என்றும் காட்ட வேண்டும். லீசிங் கம்பனிக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். தவணைப் பணம் நிற்காது. வண்டி நீதிமன்றத்தில் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும்.

மகனுக்குப் பதினாறு வயது.

பிறப்புச் சான்றிதழோடு ஓடுங்கள். 18க்குக் கீழ் என்றால் பிள்ளைகள் பற்றிய தனிச் சட்டமும் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையும் வரும். பெரியவர்களோடு அடைக்கக் கூடாது. பொலிசில் வயது தவறாக எழுதப்படுவது அரிதல்ல. பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளை என்றால் பாடசாலை அனுமதிப் பதிவும் தோட்ட வைத்தியசாலையின் கிளினிக் அட்டையும் உதவும்.

அவன் விற்கவில்லை, அடிமையாகிவிட்டான். சிகிச்சைக்கு அனுப்ப முடியாதா?

முடியும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் தானாக விரும்பிப் போவதற்கும் நீதிமன்ற உத்தரவில் அனுப்புவதற்கும் வழி வைத்திருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குக் கண்டியில் ஒரு நிலையம் உண்டு, ஆலோசனைக்கு 1927. கந்தக்காடு போன்ற புனர்வாழ்வு நிலையங்கள் வேறு நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. நீதிமன்றம் எந்த இடத்துக்கு அனுப்புகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு வரும் முன்பே சிகிச்சைக்குப் போன சீட்டு இருந்தால் தண்டனை விதிக்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. பிடிபட்ட பிறகு எழுதிய கடிதத்துக்கு அவ்வளவு இல்லை.

தவணைக்குப் போக முடியவில்லை. என்ன நடக்கும்?

பிடியாணை. மண்சரிவு, வைத்தியசாலை என்று உண்மையான காரணம் இருந்தால் அன்றே சட்டத்தரணி மூலம் சொல்லி, அடுத்து வரும் நாளில் தானாகவே போய் நில்லுங்கள். பொலிஸ் வந்து பிடித்துப் போகும் முன் நீங்களே போனால் பிணை தப்பும்.

தீர்ப்பு சரியில்லை என்றால்?

14 நாள். நீதவான் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமும் மேன்முறையீடு கொடுக்கலாம். தண்டப்பணம் மட்டும் என்றால், கட்ட அவகாசமோ தவணை முறையோ கேட்கலாம். கட்டாவிட்டால் அதற்குப் பதிலாக எழுதிய சிறைக்காலம் தொடங்கும்.

விடுதலை ஆகிவிட்டது. காசுப் பிணைக்குக் கட்டிய பணம்?

திரும்பக் கிடைக்கும், ஆனால் தானாக வராது. கட்டியவரின் பெயரில் உள்ள மூலப் பற்றுச்சீட்டு, அடையாள அட்டை, வழக்கு இலக்கத்தோடு நீதிமன்றப் பதிவாளருக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு தலைவர் பெயரிலோ மாமா பெயரிலோ இருந்தால் அவர்தான் வர வேண்டும். கைபேசியையும் அடையாள அட்டையையும் சான்றுப்பொருளாக எடுத்திருந்தால் அவற்றையும் அதே நாளில் கேட்டு, கையெழுத்துப் போடும் முன் கைபேசியின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை ஒத்துப் பாருங்கள்.